ஒற்றை எழுத்தைக்கூடத் தராதவர்கள்

'பி தியேட்டர்' என்று வைக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். வங்க நடிகை பினோதினியின் 'பி'. முழுப்பேரைக்கூட அவள் கேட்கவில்லை. கல்கத்தாவில் பீடன் தெருவில், 1883இல், அவளால் எழும்பிய நாடகக் கொட்டகைக்கு அவள் பேரின் முதல் எழுத்தாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்ததும் ஓடிப்போய், என்ன பேர் பதிந்தீர்கள் என்று கேட்டாள். 'ஸ்டார்' என்றார்கள். பேச்சு வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயது 20.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது. 140 ஆண்டுக்கு முன்னால் முடிந்துபோன கதைக்கு இப்போது என்ன அழுகை என்று கேட்பீர்கள். முடிந்திருந்தால் நானும் அழமாட்டேன்.

நான் பாட்டும் நாட்டியமும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். என் பாட்டி சின்னமேளத்தில், தேவதாசிகளின் ஆட்டக் குழுவில், ஆடியவர். அவர் வாயிலிருந்து வந்த பதங்களை இன்றைக்குப் பெரிய பெரிய மேடைகளில் பாடுகிறார்கள், கேட்டு உருகுகிறார்கள். ஒரு பள்ளியில் நாட்டிய ஆசிரியை வேலைக்குப் போயிருந்தேன். ஆடிக் காட்டு என்று சொல்லவில்லை. ஒரு வரி பாடு என்று சொல்லவில்லை. அம்மா வழியில் நீங்கள் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பினோதினி தாசி எனக்கு வேற்று நாட்டுக்காரி இல்லை, வேற்று மொழிக்காரி இல்லை. அவளுக்குச் செய்ததை எனக்குச் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

1863இல் பிறந்தவள். கார்ன்வாலிஸ் தெருவில் பாட்டிக்குச் சொந்தமாக ஒரு வீடு. அதன் அறைகளை வாடகைக்கு விட்டு வந்த காசில் சாப்பாடு. வறுமை எவ்வளவு என்றால், ஐந்து வயதுத் தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்து, வந்த மருமகளின் நகைகளை விற்றுச் சில நாள் வயிற்றை நிரப்பினார்கள். அந்தத் தம்பியும் செத்துப்போனான். பினோதினிக்கும் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைப் பையனை அவன் உறவுக்காரி கூட்டிக்கொண்டு போனாள், அதோடு சரி. அப்பா யார் என்று சொல்ல முடியாத வீட்டில் பிறந்ததால், அவளை என்ன பேர் சொல்லி அழைக்கலாம் என்பதை ஊர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. அவள் நடக்கப் பழகும் முன்னே தீர்ப்பு வந்துவிட்டது.

அந்த வீட்டில் ஓர் அறைக்குக் குடிவந்தவள் கங்காபாய். நன்றாகப் பாடுவாள். ஒன்பது வயது பினோதினிக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வங்கத்தின் தலைசிறந்த நடிகைக்கு முதல் குரு யார் என்று கேட்டால் நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் பேரைச் சொல்வார்கள். நடிப்புக்கு அவர் குருதான், மறுக்கவில்லை. ஆனால் தொண்டையைத் திறந்துவிட்டவள் வாடகை அறையில் இருந்த ஒரு பெண். அவள் பாட்டைக் கேட்க வந்துபோன ஆண்கள் வழியாகத்தான் சிறுமிக்கு நாடக வேலையே கிடைத்தது. எங்கள் குலத்தில் பாட்டு அப்படித்தான் வந்தது. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு, அடுப்படியிலும் திண்ணையிலும். எந்தச் சான்றிதழும் இல்லை, யாரும் எழுதி வைத்ததும் இல்லை. எழுதி வைக்காததையே காரணம் காட்டிப் பிறகு இவர்களுக்கு என்ன தெரியும் என்றார்கள்.

1874இல், பதினொரு வயதில், கிரேட் நேஷனல் தியேட்டரில் மாதம் 10 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். முதல் வேடம் திரௌபதியின் தோழி. அடுத்த ஆண்டே கம்பெனி வடக்கே போனது. டில்லி, லாகூர், லக்னோ. அம்மாவும் கூடப் போனாள். லக்னோவில் 'நீல தர்ப்பண்' நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துரையை ஒரு குடியானவன் அடிக்கும் காட்சியைப் பார்த்த வெள்ளைச் சிப்பாய்கள் கொதித்துப்போய் மேடைமேல் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த மேடைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள். வெள்ளைக்காரனை எதிர்த்து நாடகம் போட்டார்கள் என்று பெருமை பேசும் வரலாறு, அந்த மேடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறது.

அவளுக்கும் முன்னால் ஒருத்தி இருந்தாள், கோலாப். கீர்த்தனம் பாடுகிற வீட்டிலிருந்து வந்தவள். 1873 ஆகஸ்டில் பெங்கால் தியேட்டர், பெண் வேடத்துக்குப் பெண்களையே மேடையேற்றியபோது எடுத்துக்கொண்ட நால்வரில் அவளும் ஒருத்தி. கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தா அப்படிச் செய்யச் சொன்னார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அந்தத் தியேட்டரின் குழுவில் இருந்தார். இந்தப் பெண்களைச் சேர்க்கிறீர்கள் என்றதும் விலகிவிட்டார். விதவைகளுக்கு மறுவாழ்வு வேண்டும் என்று ஊரையே எதிர்த்து நின்று 1856இல் சட்டம் வரக் காரணமாக இருந்த மனிதர் அவர். அவருடைய கருணையின் எல்லைக்கோடு எங்கள் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எதிரி வெறுத்தால் தாங்கிக்கொள்ளலாம். நல்லவர்கள் முகம் திருப்பியதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கோலாப் ஒரு நாடகத்தில் ஏற்ற வேடத்தின் பேரால் சுகுமாரி ஆனாள். அவளுக்கும் கோஷ்ட பிகாரி தத்தா என்பவருக்கும் முறைப்படி, 1872இன் திருமணச் சட்டத்தின் கீழ், கல்யாணம் நடந்தது. சீர்திருத்தம் என்று சொன்னார்கள். ஊர் சேர்ந்து ஒதுக்கியதும் கணவன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டான். கைக்குழந்தையோடு நின்றாள் சுகுமாரி. நடித்தாள், 'அபூர்வ சதி' என்ற நாடகத்தை எழுதினாள், பெண் பிள்ளைகளுக்கு ஆடவும் நடிக்கவும் சொல்லிக்கொடுத்து மகளைக் காப்பாற்றினாள். பாடகி, ஆடல்காரி, நாடகாசிரியை, குரு, ஒற்றையாளாகப் பிள்ளை வளர்த்த தாய். இத்தனையும் ஒருத்தி. சீர்திருத்தம் என்று சொன்னவர்களின் பேர் புத்தகத்தில் இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது?

பினோதினிக்கு வருகிறேன்.

பெங்கால் தியேட்டரில் நாவலாசிரியர் பங்கிம் சந்திரரின் நாயகிகளாக நின்றாள். ஒரே நாடகத்தில் ஆயிஷாவும் அவளே, திலோத்தமையும் அவளே. 1877இல் கிரீஷ் கோஷிடம் வந்தாள். மேகநாதன் வதம் நாடகத்தில் ஏழு வேடம்: பிரமீளை, சீதை, சித்ராங்கதை, ரதி, வாருணி, மாயை, மகாமாயை. ஒரு ராத்திரியில் ஏழு பெண்களாக மாறுவது என்றால் என்ன என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். குரலை மாற்ற வேண்டும், நடையை மாற்ற வேண்டும், கண்ணின் ஈரத்தை மாற்ற வேண்டும். பன்னிரண்டு ஆண்டில் எண்பதுக்கும் மேற்பட்ட வேடங்கள். இதற்கு நடுவில் தியேட்டர் முதலாளியிடம் விடுப்புக் கேட்டுக் காசிக்குப் போனாள். நாள் கூடிவிட்டது என்று சம்பளத்தைப் பிடித்தார்கள். அவளுடைய நாடகத்துக்கு டிக்கெட் வாங்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்களே, அந்தக் காசில் பிடித்தம் இல்லை.

கிரீஷ் பாபுவும் அவர் கூட்டாளிகளும் அந்த முதலாளியோடு முரண்பட்டு, நமக்கென்று ஒரு தியேட்டர் வேண்டும் என்று அலைந்தார்கள். குர்முக் ராய் என்ற மார்வாரி இளைஞன் வந்தான். பணம் இருந்தது. தியேட்டர் கட்டித் தருகிறேன், எனக்குப் பினோதினி வேண்டும் என்றான்.

இதைக் கேட்டதும் அந்த மேதைகள் என்ன செய்திருக்க வேண்டும்? சீதையையும் சாவித்திரியையும் எழுதி எழுதி ஊரை அழவைத்தவர்கள், எழுந்து போடா வெளியே என்று சொல்லியிருக்க வேண்டாமா? அவர்கள் பினோதினியிடம் வந்தார்கள். கெஞ்சினார்கள். நீ சரி என்றால்தான் நமக்குத் தியேட்டர் என்றார்கள். அவளுக்கு அப்போது வேறொரு ஆதரவாளர் இருந்தார், பெரிய வீட்டுப் பிள்ளை. செய்தி கேட்டுக் கத்தியோடு வந்து அவளை வெட்டப் பார்த்தார், மயிரிழையில் தப்பினாள். அந்தக் கத்தியின் எதிரே நின்றது அவள் கழுத்து. நாடகக் கம்பெனி ஆண்களில் ஒருவருடைய கழுத்தும் இல்லை.

குர்முக் ராய் அவளிடம் தனியாக ஒன்று சொன்னான். 50,000 ரூபாய் தருகிறேன், இந்த நாடகத்தை விட்டுவிடு என்றான். 1883இன் 50,000 ரூபாய். மாதம் 10 ரூபாயில் தொடங்கிய பெண்ணிடம். வாங்கிக்கொண்டு ஒரு வீடு, ஒரு தோட்டம், தலைமுறைக்குச் சோறு என்று அவள் போயிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? வேண்டாம், தியேட்டரைக் கட்டு என்றாள். பணத்துக்காகத்தான் இவர்கள் எதையும் செய்வார்கள் என்று எங்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியை நின்று படிக்கட்டும்.

கட்டட வேலை நடந்தது. அவள் கூலியாட்களோடு நின்று கூடையில் மண் சுமந்தாள். நாட்டியம் ஆடும் கால், சிம்மாசனத்தில் உட்காரும் உடம்பு, மண் சுமந்தது. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே என்று தன் கையிலிருந்து காசும் கொடுத்தாள். எதற்கு? தன் பேரின் ஓர் எழுத்துக்கு.

கொடுக்கவில்லை. விலைமகள் பேரில் தியேட்டர் என்றால் மதிப்பான குடும்பங்கள் வரமாட்டா என்பதுதான் அன்று முதல் சொல்லப்பட்டுவரும் காரணம். அவள் உடம்பை ஈடாக வைத்துக் கட்டிய சுவருக்குள் வந்து உட்கார மதிப்புக் குறையவில்லை. அவள் பேரைப் படித்தால் குறைந்துவிடுமாம். அதோடும் விடவில்லை. தியேட்டர் கட்டி முடிந்தபின் சம்பளக்காரியாகக்கூட அவளை வைத்துக்கொள்ளாமல் கழற்றிவிடப் பார்த்தார்கள் என்று அவளே எழுதியிருக்கிறாள். சில காலம் வீட்டில் உட்கார வேண்டி வந்தது. பிறகு 1883 ஜூலை 21இல் 'தட்ச யக்ஞம்' நாடகத்தோடு திறந்தபோது அவளே சதியாக நின்றாள். அவமானப்படுத்திய வீட்டில் போய்த் தீயில் விழுகிறவளின் வேடம். அதற்கு அவள் ஒத்திகை பார்த்திருக்கவே தேவையில்லை.

கொஞ்ச நாளில் குர்முக் ராய் விலக நினைத்தான். விலகும்போது தியேட்டரில் பாதியைப் பினோதினிக்கு எழுதிவைக்க விரும்பினான். பணத்தால் எதையும் வாங்கலாம் என்று வந்தவனுக்குத் தோன்றிய நியாயம், கலைஞர்களுக்குத் தோன்றவில்லை. கிரீஷ் பாபு அவளுடைய அம்மாவிடம் பேசி, உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை என்று மனதைத் திருப்பினார். தியேட்டர் 11,000 ரூபாய்க்குக் கைமாறியது. வாங்கியவர்கள் நான்கு பேர். நால்வரும் ஆண்கள். அவளோடு வேலை பார்த்தவர்கள், அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவள் பழையபடி சம்பளத்துக்கு ஆடப் போனாள்.

கிரீஷ் பாபு, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், உண்மை. இங்கிலீஷ் நாடகங்களின் கதைகளைச் சொல்லி, நடிப்பின் நுட்பம் சொல்லி வளர்த்தீர்கள். அவள் கடைசிவரை உங்களைக் குருவே என்றுதான் அழைத்தாள். ஒரு குரு சிஷ்யையை அடகு வைப்பாரா? அவளுக்கு வந்த பாதிப் பங்கைத் தடுப்பாரா? அவள் தன் கதையை எழுதி உங்களிடம் முன்னுரை கேட்டாள். எழுதினீர்கள். நடந்த எல்லாவற்றையும் நீங்கள் சொல்லவில்லையே என்று அவள் வருத்தப்பட்டபோது, உண்மை கசப்பாக இருந்தால் எல்லா நேரத்திலும் வெளியே சொல்லக்கூடாது என்றீர்கள். யாருக்குக் கசப்பு? 1912இல் நீங்கள் கண்ணை மூடினீர்கள். வேறு முன்னுரை வரவேயில்லை. நீங்கள் அறிந்த உண்மை உங்களோடு போனது. அவள் மட்டும் தன் கையால் எழுதி அச்சிட்டாள். ஒரு நடிகை தானே தன் வாழ்க்கையை எழுதுவது இந்த நாட்டில் அபூர்வமாக இருந்த காலத்தில், 'அமார் கதா', அதாவது 'என் கதை', என்று தலைப்பிட்டுத் தன் பேரைத் தானே அட்டையில் போட்டுக்கொண்டாள். வேறு யாரும் போடாததால்.

சைதன்ய லீலைக்கு வருகிறேன். 1884. சைதன்யராக வேடம் கட்டினாள் பினோதினி. கைகளை மேலே தூக்கி, ஹரி நாமம் பாடி, ஆடி, மேடையில் மயங்கி விழுந்திருக்கிறாள். அரங்கம் முழுக்க அழுதது. செப்டம்பர் 21ஆம் தேதி தட்சிணேஸ்வரத்திலிருந்து ராமகிருஷ்ணர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே தன்னை மறந்தார். முடிந்ததும் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அவள் வாழ்நாளில் நிபந்தனை இல்லாமல் தன்மேல் வைக்கப்பட்ட கை அதுதான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவ்வளவு உருகி எழுதியிருக்கிறாள். மறு ஆண்டு அவர் நோயாகக் கிடந்தபோது, பார்க்கப் போக அவளுக்கு வழியில்லை. இவளை உள்ளே விடுவார்களா? ஐரோப்பிய ஆண் வேடம் போட்டுக்கொண்டு போனாள். கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரனாகப் போனால் கதவு திறக்கும். வங்காளப் பெண்ணாக, சைதன்யராக நின்று அந்த ஊரையே அழவைத்தவளாகப் போனால் திறக்காது. விவரம் தெரிந்து ராமகிருஷ்ணர் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாடகத்துக்குப் பிறகுதான் நாடகக் கொட்டகை பக்கமே வராத குடும்பங்கள்கூட வந்தன. தியேட்டருக்கு மரியாதை கிடைத்தது. கிரீஷ் கோஷுக்குப் பக்தர் என்ற பேர் கிடைத்தது. இன்றும் நாடகக் கொட்டகைகளில் ராமகிருஷ்ணரின் படம் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1887 ஜனவரியோடு பினோதினி மேடையை விட்டு இறங்கினாள். வயது 23. அதற்குப் பிறகு 54 ஆண்டு உயிரோடு இருந்தாள். கலையில் பழுத்து நிற்க வேண்டிய வயதெல்லாம் வீட்டுக்குள் போனது.

அவள் மகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கட்டுகிறது. சகுந்தலா என்று பேர். மேடையை விட்டபின் அவளைக் காப்பாற்றிய ஒரு பெரிய வீட்டு மனிதருக்குப் பிறந்தவள். பினோதினிக்கு ஒரே ஆசை, மகள் படிக்க வேண்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினாள். எங்கும் சேர்க்கவில்லை. நடிகை மகளோடு எங்கள் வீட்டுப் பெண்கள் உட்கார மாட்டார்கள் என்றார்கள். அந்தப் பெண்களின் அப்பாக்கள் யார்? பீடன் தெருவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, சைதன்யரைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள்தானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அவள் மகளுக்குக் கதவைச் சாத்தினார்கள். 1904இல், 13 வயதில், அந்தக் குழந்தை இறந்துபோனது. பினோதினி கவிதை எழுதினாள். வேறென்ன செய்ய முடியும்? மகளையே சேர்க்காத பள்ளிக்கூடம், தாயை ஆசிரியை என்று அழைத்து வேலை கொடுக்குமா? ஏழு பெண்களாக ஒரே இரவில் மாறும் வித்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படாமல் ஒரு அறைக்குள் கிடந்தது. 1912இல் அந்த மனிதரும் இறந்ததும், அத்தனை ஆண்டு வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இடமில்லாமல் போனது. புறப்பட்ட தெருவுக்கே திரும்பினாள்.

இதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

பாட்டும் ஆட்டமும் மதிப்பான வீட்டுக்குள் மெல்ல நுழைந்தன. கிராமபோன் தட்டு வந்தபோது, விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸின் தங்கை அமலா தாஸ் பாடிய தட்டில் 'மிஸ் தாஸ், அமெச்சூர்' என்று அச்சிட்டார்கள். தொழிலுக்காகப் பாடுகிறவள் இல்லை, தப்பாக நினைத்துவிடாதீர்கள் என்று கடைக்காரனுக்கும் கேட்பவனுக்கும் ஓர் எச்சரிக்கை. அமலா தாஸ்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் பயந்துகொண்டுதான் பாடியிருப்பார். ஆனால் அந்த ஒரு சொல் யாரை வெளியே நிறுத்த அச்சிடப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ரவீந்திரநாத் தாகூர் 1926இல் 'நடீர் பூஜா' எழுதினார். அரண்மனை நடனக்காரி ஒருத்தி, புத்தரை வணங்கக்கூடாது என்ற தடையை மீறி, ஆடியே வழிபட்டு உயிர் விடுகிற கதை. அந்த நடனக்காரியாக ஆடியவர் ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி. 1927 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஜோராசாங்கோ வீட்டில் ஆடியபோது, நல்ல குடும்பத்துப் பெண்களை மேடையில் ஆடவிடுகிறாரே என்று ஊர் பேசும் என்பதால், தாகூர் தனக்கென்று ஒரு பிட்சுவின் வேடத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்து, தானும் மேடையில் நின்றார். அந்தப் பெண்களுக்குத் தன் பேரையே குடையாகப் பிடித்தார். அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பினோதினிக்கு அப்படி ஒரு குடை பிடிக்க ஒரு கிரீஷ் கோஷ், அவளோடு நடித்த ஓர் அமிர்தலால் போஸ் முன்வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நடனக்காரியின் பூஜையைக் கண்டு ஜோராசாங்கோவில் ஊர்ப் பெரியவர்கள் உருகிய அந்த நாளில், ஹரி நாமம் பாடி ஆடி மயங்கி விழுந்த நிஜ நடனக்காரி அதே கல்கத்தாவில், 63 வயதில், உயிரோடு இருந்தாள். நடனக்காரியின் கதை வேண்டும், அவள் ஆடிய ஆட்டம் வேண்டும், அவள் வேண்டாம்.

பாடகி இந்துபாலாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1898இல் பிறந்தவர். அம்மா ராஜபாலா சர்க்கஸில் வித்தை காட்டியவர். பாடகி கௌஹர் ஜானிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு, கவிஞர் நஸ்ருலின் பாடல்களைத் தட்டில் பாடி, மைசூர் சமஸ்தானம்வரை பேர் வாங்கியவர். பேரும் பணமும் வந்தபின் ராம்பாகானை விட்டு வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். ராம்பாகான் விலைமகளிர் இருக்கும் இடம் என்று கல்கத்தாக்காரர்களுக்குத் தெரியும். அவர் போகவில்லை. 1975இல் சங்கீத நாடக அகாடமி விருது வந்தபோதும் அவர் முகவரி அந்தத் தெருதான். 1984இல் இறக்கும்வரை அந்தத் தெருவையே தன் ஊர் என்றார். எங்கள் பெண்களில் இப்படித் தலை நிமிர்ந்து நின்றவர்களும் உண்டு. ஆனால் தலை நிமிர்வதற்கு எவ்வளவு பெரிய குரல் வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணக் குரல் இருந்தவளுக்கு அந்தத் தெருவில் என்ன கிடைத்திருக்கும்?

பினோதினி 1941 பிப்ரவரியில் இறந்தாள். அவள் மண் சுமந்த பீடன் தெருக் கொட்டகை எப்போதோ விற்கப்பட்டு, வேறு பேர் வைக்கப்பட்டு, சாலை அகலப்படுத்தியபோது இல்லாமலே போனது. ஸ்டார் என்ற பேரை எடுத்துக்கொண்டு போய் ஹாதிபாகானில் 1888இல் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அது 1991இல் தீப்பற்றி எரிந்தது, மறுபடி எழுந்தது. 2024 டிசம்பர் 30ஆம் தேதி மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி, ஸ்டார் தியேட்டர் இனிப் பினோதினி தியேட்டர் என்று அறிவித்தார். அறிவிப்பைப் படித்த அன்று நான் விளக்கேற்றினேன், பொய் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்தது 1883இல். அவள் செத்து 83 ஆண்டுக்குப் பிறகு, அவள் ஒருநாளும் நடிக்காத கட்டடத்தின்மேல் அவள் பேர். மகிழ்ச்சிதான். ஆனால் இதோடு கணக்குத் தீர்ந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பாதிப் பங்கு எங்கே? சகுந்தலாவைத் திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடங்கள் எங்கே? ஒன்றாவது மன்னிப்புக் கேட்டதா?

அவளைத் தியாகி என்கிறார்கள். நாடகமும் சினிமாவும் எடுத்து, கலைக்காகத் தன்னையே கொடுத்தாள் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவள் கொடுத்தாள் என்று சொல்லும்போது, வாங்கிக்கொண்டவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பங்கு கிடைக்க வேண்டியவளை ஏமாற்றினார்கள். பேர் கேட்டவளை ஏமாற்றினார்கள். நடந்தது திருட்டு. திருட்டு என்றே எழுதுங்கள், பாடப்புத்தகத்திலும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் யாரோ ஒரு பெண் பாட்டோ நாட்டியமோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அரங்கேற்ற அழைப்பிதழில் அவள் பேரை அச்சிடுங்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளின் பேரைக் கேட்டு, அதையும் அச்சிடுங்கள். அந்தப் பெண் எந்தத் தெருவில் பிறந்தவள், அவள் தாய் யார், தந்தை யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் மகள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால், கதவைத் திறந்து உள்ளே விடுங்கள்.